பொறியாளர்கள் நடுவே நமக்கென்ன வேலை?

ஆண்டுதோறும் ஏப்ரல், மே மாதங்களில் என் வாட்ஸ்அப்புக்கு ஒரு தனி ரகச் செய்திகள் வரும். பாட்டு விருப்பம் கேட்டு வருபவை வேறு. இவை பல்கலைக்கழக இடம் பற்றியவை. ஏ நிலைத் தேர்வு முடிவோ பலதுறைத் தொழிற்கல்லூரிப் பட்டயமோ கையில் இருக்கும். விண்ணப்பித்த இடங்களிலிருந்து பதில் வந்திருக்கும். எதை ஏற்பது என்று முடிவெடுக்கச் சில வாரங்கள்தான் மிச்சமிருக்கும். வானொலியில் பேசுகிறவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்று நம்பும் நேயர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அவர்கள் வாழ்க!

இந்த ஆண்டு வந்தவற்றில் ஒன்றை நான் இரண்டு மூன்று முறை படித்தேன். எழுதியவர் ஒரு தொடக்கக் கல்லூரி மாணவி. உளவியல் படிக்க விரும்புகிறவர். இரண்டு இடங்களில் அவருக்கு வாய்ப்பு வந்திருக்கிறது. அவற்றில் ஒன்று பொறியியலுக்குப் பெயர்போன பல்கலைக்கழகம்.

“அம்மா அங்கதான் போகச் சொல்றாங்க. எனக்கும் ஆசையாத்தான் இருக்கு. ஆனா நான் இஞ்சினியரிங் படிக்கப் போறதில்லையே அக்கா. அங்க சேர்ந்தா நானும் கெட்டிக்காரின்னு அர்த்தமா, இல்ல ஒட்டிக்கிட்டு வந்தவள்னு அர்த்தமா?”

இதற்கு வாட்ஸ்அப்பில் இரண்டு வரியில் பதில் சொல்ல முடியாது. அதனால் இந்த வாரப் பத்தி அவருக்கும், அவரைப் போல யோசிப்பவர்களுக்கும், அவர்களுடைய அம்மா அப்பாக்களுக்கும்.

நானும் அப்படியோர் இடத்தில் படித்தவள்தான். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், பாடம் ஊடகம். முதலாண்டில் உறவினர் வீட்டுத் திருமணப் பந்தியில் பெரியப்பா ஒருவர் பக்கத்து நாற்காலியில் அமர்ந்து விசாரித்தார்.

“எங்கம்மா படிக்கிற?”

பெயரைச் சொன்னேன்.

“அடடே! எலக்ட்ரிக்கலா, மெக்கானிக்கலா?”

“கம்யூனிகேஷன் பெரியப்பா.”

“ஓ, டெலிகாம்!”

“இல்ல பெரியப்பா. ரேடியோ, டிவி, பத்திரிகை.”

சற்று நேரம் அவர் தன் இலையிலிருந்த சாம்பாரைப் பார்த்தார். பிறகு பெருந்தன்மையோடு சொன்னார்: “பரவாயில்ல, இடம் நல்ல இடம்.”

அவர் சொன்னதில்தான் விஷயமே இருக்கிறது. பாடம் எதுவாக இருந்தாலும், இடம் நல்ல இடமாக இருந்தால் போதும் என்ற எண்ணம். பொறியியல் படிக்காதவர்களையும் பொறியியல் கல்லூரிகள் இழுப்பதற்கு முதல் காரணம் அந்தப் பெயர்.

இந்தியாவின் ஐஐடிகளைப் பாருங்கள். முதலாவது ஐஐடி 1951ல் கரக்பூரில், ஒரு காலத்தில் விடுதலைப் போராட்டக்காரர்களை அடைத்து வைத்திருந்த ஹிஜ்லி தடுப்பு முகாமில் தொடங்கியது. சென்னை ஐஐடி 1959ல் மேற்கு ஜெர்மனியின் உதவியோடு வந்தது. இன்று மொத்தம் 23 ஐஐடிகள். நுழைவுத் தேர்வின் முதல் கட்டத்தை எழுதுவோர் 10 லட்சத்துக்கும் மேல். இடங்கள் ஏறத்தாழ 18,000. இத்தனை பேர் தட்டும் கதவு என்றால், அந்தப் பக்கம் போக விரும்பாதவருக்கும் உள்ளே என்னதான் இருக்கிறது என்று எட்டிப் பார்க்கத் தோன்றும்.

சென்னை ஐஐடியில் மான்கள் நடமாடும். விடுதிகளுக்குக் காவிரி, கோதாவரி, நர்மதா, தாமிரபரணி என்று ஆறுகளின் பெயர்கள். ஆண்டுத் தொடக்கத்தில் ‘சாரங்’ கலைவிழா நடக்கும்போது நகரத்தின் கலை, அறிவியல் கல்லூரிப் பிள்ளைகள் அங்கே திரளுவார்கள். இலக்கியமும் வணிகமும் படிப்பவர்கள் சில நாள்கள் அந்த மரங்களின் கீழ் நடந்துவிட்டு, ‘நாமும் இங்கே படித்திருக்கலாமோ’ என்று நினைத்துக்கொண்டே பேருந்து ஏறுவார்கள்.

சினிமாவும் தன் பங்கைச் செய்தது. 2012ல் ஷங்கர் இயக்கத்தில் விஜய் நடித்து வந்த ‘நண்பன்’ நினைவிருக்கிறதா? மதிப்பெண் பந்தயத்தைக் கேலி செய்த படம் அது. ஆனால் திரையரங்கைவிட்டு வெளியே வந்த நாம் அந்தக் கல்லூரியைத் திட்டிக்கொண்டா வந்தோம்? அங்கே அப்படி மூன்று நண்பர்களாகச் சுற்றினால் எப்படி இருக்கும் என்ற ஏக்கத்தோடுதானே வந்தோம்!

பெயரும் ஏக்கமும் ஒரு பக்கம். பொறியியல் வளாகத்தில் வேறொரு கவர்ச்சியும் இருக்கிறது. அங்கே எந்நேரமும் யாராவது எதையாவது செய்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். இரவு 11 மணிக்கு ஆய்வுக்கூட விளக்கு எரியும். ஒரு மேசையில் பிரித்துப் போட்ட மோட்டார். தரையில் நகர மறுக்கும் ரோபோ. அதைச் சுற்றி நான்கு பேர், கையில் ஆறிப்போன மைலோ. கட்டுரை எழுதி, திருத்தி, ஒப்படைத்துப் பழகிய எனக்கு, ஒன்று ‘ஓடுகிறதா, ஓடவில்லையா’ என்று உடனே தெரிந்துவிடும் அந்த உலகம் பொறாமை தந்தது.

நான் படித்த வளாகத்தின் கதையே இந்தக் கேள்விக்குப் பாதி பதில் சொல்லும். அந்த நிலத்தில் முதலில் எழுந்தது பொறியியல் கல்லூரி அல்ல. 1950களில் ஹொக்கியன் சங்கம் கொடுத்த நிலத்தில், டான் லார்க் சை 5 மில்லியன் வெள்ளி வழங்க, சீன மொழிவழிக் கல்விக்காக நன்யாங் பல்கலைக்கழகம் உருவானது. மூவுருளி வண்டி மிதித்தவர்களும் டாக்சி ஓட்டியவர்களும்கூடத் தங்கள் வருமானத்தை நன்கொடையாகத் தந்தார்கள். அங்கே கலை, அறிவியல், வணிகம் கற்பித்தார்கள். 1980ல் அது சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்துடன் இணைந்து சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகமாயிற்று.

மறு ஆண்டே அதே இடத்தில் நன்யாங் தொழில்நுட்பக் கழகம் திறக்கப்பட்டது. வளர்ந்துகொண்டிருந்த தொழில்துறைக்குப் பொறியாளர்கள் தேவைப்பட்ட காலம் அது. கட்டுமானம், மின்னியல், இயந்திரவியல் என்று மூன்று பொறியியல் பள்ளிகள். 1991ல் அது பல்கலைக்கழகமானது. 1992ல் தொடர்புத்துறைப் பள்ளி வந்தது. பத்திரிகையாளராக இருந்து நாட்டின் நான்காவது அதிபரான வீ கிம் வீயின் பெயரை 2006 முதல் தாங்கி நிற்பது அந்தப் பள்ளிதான். 2004ல் மனிதவியல், சமூக அறிவியல் பள்ளியும், மறு ஆண்டு கலை, வடிவமைப்பு, ஊடகப் பள்ளியும் சேர்ந்தன.

ஆக, கலை படித்தவர்கள் அந்த மண்ணில் பொறியாளர்களுக்கு முன்பே இருந்தார்கள். இடையில் பத்தாண்டுகள் போல இல்லாமல் இருந்தார்கள். பிறகு பல்கலைக்கழகமே கூப்பிட்டுச் சேர்த்துக்கொண்டது. ‘ஒட்டிக்கிட்டு வந்தவள்’ என்று யாரும் தன்னை நினைத்துக்கொள்ளத் தேவையில்லை.

நம்மை ஏன் கூப்பிடுகிறார்கள்? உலகின் பெரிய பொறியியல் கூடங்கள் இதை முன்பே செய்து பார்த்திருக்கின்றன. அமெரிக்காவின் எம்ஐடியில் ‘20ஆம் எண் கட்டடம்’ என்று ஒன்று இருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது, 1943ல், ரேடார் ஆய்வுக்காகத் தற்காலிகமாக எழுப்பிய மரக் கட்டடம். போர் முடிந்ததும் இடிப்பதாக இருந்தது. 1998 வரை நின்றது. வசதி குறைவு என்பதால், சுவரில் ஆணி அடிக்கவோ தடுப்பைப் பெயர்க்கவோ யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. 1955ல் எம்ஐடியில் சேர்ந்த நோம் சோம்ஸ்கி என்ற இளம் மொழியியலாளருக்கு, மின்னணுவியல் ஆய்வுக்கூடத்தின் பகுதியாக இருந்த அந்தக் கட்டடத்தில்தான் அறை கிடைத்தது. மொழியியலின் போக்கையே மாற்றிய அவருடைய சிறு நூல் 1957ல் வெளிவந்தது. இலக்கணம் பற்றி யோசித்தவர் மின்னணுப் பொறியாளர்களின் நடுவே உட்கார்ந்து யோசித்தார்.

நமக்கு இன்னும் நெருக்கமான ஒருவர் உண்டு. இந்திய ரூபாயின் குறியீட்டை வடிவமைத்தவர் தமிழரான உதயகுமார். அண்ணா பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படித்தவர். அதன்பின் மும்பை ஐஐடிக்குப் போய், 1969ல் அங்கே தொடங்கப்பட்ட தொழில் வடிவமைப்பு மையத்தில் படித்தார். அங்கே அவர் முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்ட பொருள் எது தெரியுமா? தமிழ் அச்செழுத்துகள்! ஐஐடி என்றதும் நம் வீட்டுப் பெரியவர்கள் மனத்தில் வரும் பட்டியலில் ‘அ, ஆ, இ’ எழுதும் விதம் இருக்காது. 3,000க்கும் மேற்பட்ட வடிவங்களிலிருந்து அவருடையது தேர்வாகி, 2010 ஜூலை 15ஆம் தேதி இந்திய அமைச்சரவை அதை ஏற்றுக்கொண்டது. தேவநாகரி ‘ர’வும் ரோமன் ‘ஆர்’ எழுத்தும் கலந்த அந்தக் குறி இன்று கோடிக்கணக்கானவர்களின் சட்டைப் பையில் இருக்கிறது.

நம் ஊரிலும் இதே எண்ணம்தான். எம்ஐடியுடன் சேர்ந்து உருவாகி, 2012ல் முதல் மாணவர்களைச் சேர்த்த சிங்கப்பூர்த் தொழில்நுட்ப, வடிவமைப்புப் பல்கலைக்கழகத்தில் எல்லா மாணவர்களும் மனிதவியல், கலை, சமூக அறிவியல் பாடங்களையும் படித்தாக வேண்டும். பொறியாளர்களுக்கு நம் பக்கத்துச் சங்கதிகள் தேவை என்று அவர்களே சொல்கிறார்கள்.

அப்படியானால் அவர்களிடமிருந்து நமக்கு என்ன கிடைக்கும்? எனக்குக் கிடைத்ததைச் சொல்கிறேன்.

இரண்டாம் ஆண்டில் மாணவர்கள் சேர்ந்து ஒரு தமிழ் நாடகம் போட்டோம். வசனமும் அறிவிப்பும் என் பொறுப்பு. ஒலி அமைப்பு ஈப்போவிலிருந்து வந்து மின்னியல் பொறியியல் படித்துக்கொண்டிருந்த ஒரு நண்பருடையது. திரை விலக 20 நிமிடம் இருக்கும்போது மைக்கில் ‘கரகர’ சத்தம். ஆளாளுக்குப் பதறினோம். மைக்கை மாற்று, வயரை மாற்று, மிக்ஸரை மாற்று என்று ஒரே கூச்சல்.

அவர் மட்டும் கையைக் காட்டி நிறுத்தினார். “எல்லாத்தையும் ஒரே நேரத்துல மாத்தாதீங்க. சரியானாலும் எதனால சரியாச்சுன்னு தெரியாது. நடு நாடகத்துல திரும்ப வந்தா என்ன பண்றது?”

முதலில் மைக்கை மட்டும் மாற்றினார். சத்தம் போகவில்லை. பழைய மைக்கையே திரும்ப மாட்டினார். அடுத்து வயரை மட்டும் மாற்றினார். சத்தம் நின்றது. வயரின் முனையைக் கழற்றிக் காட்டினார். உள்ளே ஈயப் பற்று விட்டிருந்தது. மொத்தம் ஆறு நிமிடம்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. ஊடகப் பாடங்கள் எனக்கு நிறையக் கற்றுத் தந்தன. இதைக் கற்றுத் தந்தது அந்த மேடைப் பின்புறம். ஒலிபரப்புக் கூடத்தில் இன்றும் இதுதான் என் வழி. ஓர் அங்கத்துக்கு நேயர்கள் அழைக்கவில்லையா? முதல் வாரம் நேரத்தை மட்டும் மாற்றிப் பார்ப்பேன். நேரம் சரியில்லை என்றால் அதற்கேற்ற பதில் கிடைத்துவிடும். இல்லையென்றால் பழைய நேரத்துக்கே வந்து, கேள்வி கேட்கும் விதத்தை மாற்றிப் பார்ப்பேன். தலைப்பு, நேரம், இசை எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் மாற்றினால் எது பலித்தது என்றே தெரியாது.

அவருக்கும் என்னால் ஆனது ஒன்று உண்டு. அவருடைய இறுதியாண்டுத் திட்டப்பணி, முதியவர்கள் வீட்டில் தவறி விழுந்தால் உணர்ந்து தகவல் அனுப்பும் ஒரு சிறு கருவி. ஒத்திகைக்கு என்னை உட்கார வைத்தார். 40 படவில்லைகள். முதல் 12ல் சமன்பாடுகள். நான் ஒன்றே ஒன்று கேட்டேன்: “உங்க பாட்டி குளியலறையில விழுந்துட்டா இது என்ன பண்ணும்?” இரண்டே வாக்கியத்தில் சொல்லிவிட்டார். “அதை முதல்ல வைங்க” என்றேன். தேர்வாளர்கள் தொடக்கத்திலிருந்தே கருவியைப் பற்றி ஆர்வமாகக் கேட்டார்கள் என்று பிறகு சொன்னார்.

பொறியியல் வளாகம் நமக்குத் தருவது இந்தக் கொடுக்கல் வாங்கலைத்தான். அது தானாக நடக்காது. நான்கு ஆண்டும் தன் துறைக் கட்டடத்தைத் தாண்டாமல், தன் துறை நண்பர்களோடு மட்டும் சாப்பிட்டுப் பட்டம் வாங்கியவர்களும் உண்டு. அவர்களுக்குக் கிடைத்தது சான்றிதழில் உள்ள பெயர் மட்டும்.

அந்தப் பெயர் எவ்வளவு நாள் வரும்? முதல் வேலைக்கான நேர்காணல் வரை நன்றாகவே வரும். அதை மறுக்க மாட்டேன். அதன்பின் என் துறையில் யாரும் என்னிடம் எங்கே படித்தாய் என்று கேட்டதில்லை. ‘என்ன செய்திருக்கிறாய், கேட்கலாமா?’ என்றுதான் கேட்டார்கள். இன்று குரல் தேர்வுகளில் மறுபக்கம் உட்காரும்போது நானும் அதையே கேட்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஓர் இடம் பொறியியலில் சிறந்தது என்பதற்காக அங்கே எல்லாப் பாடமும் அதே தரத்தில் இருக்கும் என்று பொருளில்லை. சில இடங்களில் பிற துறைகளும் உயர்ந்து நிற்கும். சில இடங்களில் பொறியியலின் நிழலில் சிறு செடியாக இருக்கும். மனசும் கொஞ்சம் தடுமாறும். ‘சரியான விடை’ உள்ள பாடம் படிப்பவர்கள் நடுவே, ‘இது இப்படியும் இருக்கலாம்’ என்ற பாடம் படிப்பவருக்குத் தன் படிப்பே சும்மா பேச்சு என்று தோன்றும் நாள்கள் வரும். நான் பார்த்தவரை, தன் பாடத்தை நேசித்து வந்தவர்கள் அந்த நாள்களைக் கடந்துவிடுகிறார்கள். பெயருக்காக மட்டும் வந்தவர்கள்தான் சிரமப்படுகிறார்கள்.

அம்மா அப்பாக்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் ஆசையை நான் குறைசொல்ல மாட்டேன். துறைமுகத்திலும் தோட்டத்திலும் நகராட்சியிலும் உடலுழைத்த தாத்தாக்களின் வழியில் வந்தவர்கள் நம்மில் பலர். அந்தக் குடும்பங்களில் ‘இஞ்சினியர்’ என்ற சொல்தான் முதல் கதவைத் திறந்தது. அந்தச் சொல்லின் அருகிலாவது பிள்ளை இருக்கட்டும் என்று நீங்கள் நினைப்பது எனக்குப் புரிகிறது. ஆனால் நான்கு ஆண்டு அந்த வகுப்பில் உட்காரப்போவது உங்கள் மகள். அவர் படிக்கப்போகும் பாடம் அங்கே எப்படி இருக்கிறது என்று ஒருமுறை கேளுங்கள். கல்லூரி எது என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல அதுவும் உங்களுக்கு உதவும்.

உளவியல் மாணவிக்கு நான் அனுப்பிய பதிலும் இதுதான்: உங்கள் துறை அங்கே வலுவாக இருந்து, கதவைத் தட்டி அடுத்த கட்டடத்துக்குள் போகும் துணிச்சலும் உங்களிடம் இருந்தால், தாராளமாகப் போங்கள். இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் மற்ற இடமே மேல். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

முடிவெடுக்க இன்னும் நாள் இருப்பவர்கள் மூன்று விஷயங்களை விசாரித்துக்கொள்ளுங்கள். உங்கள் துறையில் முழுநேர விரிவுரையாளர்கள் எத்தனை பேர், அவர்கள் எதை ஆராய்கிறார்கள்? பிற பள்ளிகளின் பாடங்களை எடுக்க அனுமதி உண்டா, உண்மையிலேயே இடம் கிடைக்கிறதா? போன ஆண்டு உங்கள் துறை மாணவர்கள் பொறியியல் மாணவர்களோடு சேர்ந்து செய்த ஏதாவது ஒரு வேலையைக் காட்ட முடியுமா? பொது வரவேற்பு நாளில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் மூத்த மாணவர்களிடம் இந்த மூன்றாவது கேள்வியைக் கேளுங்கள். முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

வரவேற்பு நாளைத் தவறவிட்டவர்கள் ஒரு சாதாரண வார நாள் மாலையில் போய்ப் பாருங்கள். நன்யாங் என்றால் பூன் லேயில் 179ஆம் எண் பேருந்து ஏறினால் போதும். உணவகத்தில் ஒரு தே வாங்கிக்கொண்டு அரை மணி நேரம் உட்காருங்கள். பக்கத்து மேசைகளில் என்ன பேசுகிறார்கள், யார் யாரோடு உட்காருகிறார்கள் என்று கவனியுங்கள். அம்மாவையும் அழைத்துப் போங்கள்.